முதியோர் கூடம்

ஹபீபுல்லா ஒரே ஒரு முறைதான் நகரசபைக்குப் போனார். ஐம்பத்தொன்பதில் நடந்த தேர்தலில் ஜெயித்தார். அந்தத் தவணை முடியும்வரை இருந்தார். அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனாலும் திருச்சி பாலக்கரைக்கு உள்ளே தள்ளியிருக்கும் சாயக்காரத் தெருவில் அவர் மவுத்தாகும்வரை 'கவுன்சிலர் பாய்'தான்.

தொழில் தகரப் பெட்டி வியாபாரம். தெரு முனையில் கடை. கல்யாணச் சீர்ப் பெட்டி, ஹாஸ்டலுக்குப் போகிற பையன்களின் டிரங்கு, சின்னப் பிள்ளைகள் சிலேட்டும் புத்தகமும் வைத்துக்கொள்ளும் கைப்பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். முதலில் 'பெட்டிக் கடை' என்றுதான் போர்டு எழுதினார். காலையிலிருந்து ராத்திரிவரை ஆட்கள் பீடி கேட்டு வந்தார்கள். 'டிரங்குக் கடை' என்று மாற்றி எழுதிய பிறகுதான் அது நின்றது. போர்டில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதை நம்பித்தான் ஜனங்கள் படியேறுகிறார்கள் என்பது அவருக்கு அப்போதே தெரியும். நகரசபைக்குள் போனதும் மறந்துவிட்டது.

படித்தது ஐந்தாவது. பேப்பரை உதடு அசைத்துத்தான் படிப்பார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பெட்டி வாங்க வந்தவர் பேரம் ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் அவரே அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டு, "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்பார். அப்படிப்பட்டவர் எலெக்‌ஷனில் நின்றது மூன்று கிழவர்கள் செய்த வேலை.

கடைக்கு எதிரே ஒரு மேடு. ஒரு காலத்தில் சாயத்தண்ணீர் விடும் குட்டையாக இருந்து, தூர்ந்து, நகரசபை இடமாகச் சும்மா கிடந்தது. மேட்டின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரம், அதனடியில் கால் உடைந்த சிமெண்டு பெஞ்சு. அந்த பெஞ்சு மூன்று பேருக்குச் சொந்தம். ஷேக் தாவூது ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ரிடையரான பிறகும் தான் கொடி காட்டினால்தான் எதுவும் நகரும் என்று நினைப்பவர். அடைக்கலராஜ் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவர். எதையும் இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் நம்புவார். மருதை ஜட்கா ஓட்டியவர். குதிரை செத்த பிறகு இன்னொன்று வாங்கவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது. மற்ற இருவரும் பேப்பரை மடித்து வைத்ததும், "என்ன போட்டிருக்கான்?" என்று கேட்பார். இருவரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். மருதை மூன்றாவது விதமாகப் புரிந்துகொள்வார்.

மழை வந்தால் மூவரும் ஹபீபுல்லாவின் கடைக்குள் பெட்டிகளுக்கு நடுவே வந்து நிற்பார்கள். வெயில் ஏறினால் அப்படி நிற்கவும் முடியாது. கடைக்குள் தகரம் கொதிக்கும். வீட்டுக்குப் போகலாமென்றால் ஷேக் தாவூதின் வீடு ஒரே கூடம், அதில் இரண்டு மருமகள்கள்.

"நான் உள்ளே இருந்தா அதுங்க முக்காட்டை இறக்க முடியல, ஹபீபு. சோறு வடிக்கவும் முக்காடு, புள்ளைக்குப் பால் கொடுக்கவும் முக்காடு. நான் இருமினாலே ரெண்டும் எழுந்து நிக்குதுங்க. பகல்ல ஆம்பளை வீட்ல இருக்கிறது பாவம்."

அடைக்கலராஜின் மனைவி டோரதி ஜபமாலை சொல்லும் நேரத்தில் வீட்டில் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அவள் ஜபமாலை சொல்லாத நேரம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. மருதைக்கு வீடே இல்லை. பழைய லாயத்தில் படுத்திருந்தார்.

"நம்ம ஆள் ஒருத்தன் நகரசபைக்குள்ளே போனாத்தான் இந்த மேட்ல ஒரு கூரை விழும்" என்றார் ஷேக் தாவூது ஒருநாள்.

"விழவா? அப்ப நான் வரல" என்றார் மருதை.

ஹபீபுல்லாவுக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. மருதை ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மழையும் வெயிலும் இல்லாத அந்திவேளையில், தெருத் தெருவாக நடந்தார். "குடைக்குப் போடுங்க, நிழலுக்குப் போடுங்க." பின்னால் ஷேக் தாவூது வீட்டுக்கு வீடு ஸலாம் சொன்னார். அடைக்கலராஜ் வாக்காளர் பெயர்களில் இருந்த பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தார். ஜெயித்த அன்று ஹபீபுல்லா மூவரையும் கட்டிப்பிடித்து, "மாமா, இன்ஷா அல்லாஹ், உங்களுக்கு ஒரு ரூம் கட்டாம விடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். அந்தத் தவணையில் அவர் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்.

மறுநாள் கடை திறந்ததும் லூர்துராணி டீச்சர் வந்தாள். பக்கத்துத் தெருவில் பெண்பிள்ளைகளுக்கான ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பள்ளி ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் வாடகைக்கு இருந்தது. கீழே மூட்டை பிரிக்கிற நாளில் மேலே பள்ளிக்கூடமே சேர்ந்து தும்மும்.

"வாழ்த்துச் சொல்ல வரலீங்கய்யா. இடம் கேட்க வந்தேன். அந்த மேட்ல ரெண்டு ரூம் கட்டிக் கொடுத்தீங்கன்னா ஆறாங்கிளாஸ் ஆரம்பிக்க உத்தரவு தர்றேன்னு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சொல்லிட்டாங்க. அஞ்சாவது முடிச்சா நம்ம பிள்ளைங்க எங்க போகும்? ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற ஸ்கூலுக்கு அனுப்புவாங்களா? உங்க வீட்ல அனுப்புவாங்களா, சொல்லுங்க."

அனுப்பமாட்டார்கள். மகள் வஹீதாவைப் பள்ளியில் சேர்த்தபோதே மனைவி ரஷீதா முடிவாகச் சொல்லிவிட்டாள். "கேட்டுக்கு இந்தப் பக்கம் எதுவரைக்கும் இருக்கோ அதுவரைக்கும் படிக்கட்டும். வயசுக்கு வந்துட்டா அதுக்கப்புறம் கிடையாது." ரஷீதா அதிகம் பேசுகிறவள் அல்ல. அதனால் அவள் பேசியது மாறாது.

வஹீதா அப்போது நாலாவது. டைபாய்டு வந்து படுத்ததில் இரண்டு வருஷம் தாமதமாகத்தான் பள்ளிக்கே போனாள். கையில் கடையிலிருந்து எடுத்த நீலப் பெட்டி, மூடியில் ஒரு ரோஜா. தெருவில் நடந்தால் கண்ணில் படுகிற எழுத்தை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போவாள். சோடாக் கடை, பல் வைத்தியர், நோட்டீஸ் ஒட்டாதீர், வடை மடித்த காகிதத்தில் பாதி அறுந்த செய்தி. பள்ளி விட்டதும் மரத்தடியில் மருதைக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். அவள் படித்தால் மட்டும் மருதைக்கு ஒரே விதமாகப் புரியும். வீட்டில் அம்மாவையும் விடவில்லை. அரிசி புடைக்கிற முறத்தில் விரலால் எழுதி எழுதி, ரஷீதாவுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்றுதான் ஹபீபுல்லா நினைத்தார். மேட்டில் பாதி கிழவர்களுக்கு, பாதி பள்ளிக்கு. ஓவர்சியர் வந்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பாதிக்கு மேல் அடியில் சேறு, அஸ்திவாரம் நிற்காது. கட்டினால் ஒரு கட்டடம்.

கூட்டத்துக்கான அஜெண்டா வீட்டுக்கு வந்தது. நகரசபை வேலைகள் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அந்தத் தமிழ் அவருக்கு இங்கிலீஷை விட ஒரு படிதான் பக்கத்தில் இருந்தது. ஆனால் தன் வார்டுக்கான வரி சுலபமாகப் புரிந்தது. சாயக்காரத் தெரு மேட்டில் கட்ட இரண்டு யோசனைகள்: பெண்கள் பள்ளிக்கு இரண்டு அறைகள், அல்லது முதியோர் கூடம் ஒன்று. உறுப்பினரின் விருப்பம் கேட்டு முடிவு செய்யப்படும்.

கிழவர்களுக்கென்று அவர் இன்னும் மனுவே கொடுக்கவில்லை. அதற்குள் மேலே இருப்பவர்களுக்கே தோன்றியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? முதியோர் என்றால் முதியோர்.

கூட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் மூன்று கிழவர்களும் குளித்து, வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். மருதை குடையோடு வந்திருந்தார். சேர்மன், "அந்த வார்டு மெம்பர் சொல்லட்டும், எது வேணும்?" என்றார்.

ஹபீபுல்லா எழுந்தார். வாய் திறப்பதற்குள் மனத்தில் ஓடியது இதுதான். பள்ளி என்று சொன்னால், வஹீதாவுக்காகக் கேட்கிறான் என்பார்கள். தன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொள்ளவா கவுன்சிலரானான் என்பார்கள். சொல்லமாட்டார்கள் என்றாலும் அவருக்கே அப்படித்தான் தோன்றும். எதிரே மூன்று கிழவர்கள். கொடுத்த வாக்கு. வஹீதா நாலாவதுதான், இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

"முதியோர் கூடம்" என்றார்.

ஏகமனதாக நிறைவேறியது. கிழவர்கள் கை தட்டினார்கள். தட்டக் கூடாது என்று சேர்மன் சொன்ன பிறகும் மருதை கொஞ்ச நேரம் தட்டினார்.

லூர்துராணி கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்கய்யா, வஹீதா இன்னும் நாலாவதுதானே. நாள் இருக்கு" என்றாள். தான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டதை இன்னொருவர் வாயால் கேட்டபோது அது நன்றாக இல்லை.

கட்டடம் எழும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சிவப்பு ஓடு, இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள், முகப்பில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: முதியோர் கூடம். திறப்பு விழா முடிந்ததும் காண்டிராக்டர் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்க, ஷேக் தாவூது கையை நீட்டினார். ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டியவருக்கு இருக்கும் உரிமையோடு நீட்டினார். காண்டிராக்டர் கொடுத்துவிட்டான்.

மறுநாள் கைவண்டியில் சாமான் வந்தது. கேரம் போர்டு என்று நினைத்து மூவரும் சேர்ந்து மூட்டையைப் பிரித்தார்கள். ஹபீபுல்லாவும் கடையை விட்டு வந்து நின்றார். உள்ளே சிலேட்டுகள். அடுத்த மூட்டையில் ஒரு கரும்பலகையும் பெட்ரோமாக்ஸ் விளக்கும்.

"என்னய்யா இது, சிலேட்டு?" என்றார் ஷேக் தாவூது.

"சீட்டாட்டத்துல கணக்கு எழுதிக்கறதுக்கா இருக்கும்" என்றார் மருதை.

அடைக்கலராஜ் மூட்டை மேல் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தாவூது, இது நமக்கில்ல. முதியோர் கல்வின்னு போட்டிருக்கு. எழுத்துத் தெரியாத பெரிய ஆளுங்களுக்கு சாயங்கால ஸ்கூல். இங்கிலீஷ்ல அடல்ட்டும்பான். அதைத்தான் தமிழ்ல முதியோர்னு போட்டுக்கறாங்க."

"அடல்ட்டுன்னா எத்தனை வயசு?"

"இருபது வயசுக்காரனும் அடல்ட்டுதான்."

"இருபது வயசுக்காரன் முதியோரா? அப்ப நான் யாரு, குழிக்குப் போற மய்யித்தா?"

மூவரும் ஹபீபுல்லாவைப் பார்த்தார்கள். "குடைன்னு ஓட்டுக் கேட்டோமே பாய்" என்றார் மருதை. அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நினைவுபடுத்துவதுபோல்தான் சொன்னார்.

ஹபீபுல்லா அன்றே கமிஷனரைப் போய்ப் பார்த்தார். கமிஷனர் மரியாதையாக உட்கார வைத்தார். முதியோர் கல்வி என்பது எங்கும் புழங்குகிற வார்த்தைதானே என்றார். தோல் மண்டியில் வேலை செய்கிற ஆட்களுக்காக வந்த யோசனை அது, நல்ல யோசனை என்றார். "நீங்கதானே எழுந்து நின்னு கேட்டீங்க?" என்றபோது அவர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே பாராட்டினார். அதுதான் ஹபீபுல்லாவுக்குத் தாங்கவில்லை. திரும்பி நடக்கும்போது யார்மேல் கோபப்படலாம் என்று பார்த்தார். ஆள் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடமும் போயிற்று, கிழவர்களுக்கும் இல்லை.

ஆனால் கிழவர்கள் சாவியைக் கொடுக்கவில்லை. "போர்டுல முதியோர்னு இருக்கு. திருச்சியில எங்களை விட முதியோர் யாரு இருக்கான், வரச்சொல்லு" என்றார் ஷேக் தாவூது. சாயங்காலம் தோல் மண்டி ஆட்களும் ஒரு வாத்தியாரும் வருவார்கள். அப்போது இவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து மரத்தடிக்குப் போவார்கள். பகல் முழுக்கக் கூடம் இவர்களுடையது. கேரம் போர்டு ஒன்று எங்கிருந்தோ வந்தது. மருதை சிலேட்டில் குதிரை வரையக் கற்றுக்கொண்டார். ஷேக் தாவூதின் மருமகள்கள் வீட்டில் முக்காடில்லாமல் பேன் பார்த்துக்கொண்டார்கள் என்று தெருவில் பேச்சு. தப்பு வழியாகவாவது வாக்கு நிறைவேறிவிட்டது என்று ஹபீபுல்லா தன்னைச் சமாதானம் செய்துகொண்டார்.

அடுத்த ஏப்ரலில் வஹீதா ஐந்தாவது தேறினாள். வகுப்பில் முதல். லூர்துராணி மறுபடி கடைக்கு வந்தாள்.

"கூடம் பகல்ல எங்களுக்குக் கிடைச்சா ஆறாங்கிளாஸ் வைச்சுக்கலாம்னு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சம்மதிச்சுட்டாங்க. கமிஷனரும் சரின்னுட்டார். ஆனா காலியா இருக்கணுமாம். உள்ளே இருக்கிற பெரியவங்களைக் கிளப்புறது கவுன்சிலர் பொறுப்புன்னுட்டார்."

"பார்க்கறேன் டீச்சர்" என்றார் ஹபீபுல்லா.

பார்க்கத்தான் செய்தார். கடையிலிருந்து பார்த்தால் கூடத்தின் வாசல் தெரியும். கேரம் காய் அடிபடும் சத்தம் கேட்கும். இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று மே போயிற்று. ஜூன் வந்தது. ஜூனில்தான் அவருக்கு வியாபாரம். தகப்பன்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து கைப்பெட்டி எடுப்பார்கள், பிள்ளைகள் ரோஜா வேண்டும் மயில் வேண்டும் என்று அழும். பள்ளியில்லாத வஹீதா கடையின் உள்பக்கம் உட்கார்ந்து பெட்டிகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பெண் நீலத்தில் ரோஜாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. நீலத்தில் எல்லாம் விற்றுப்போயிருந்தன.

வஹீதா உள்ளே போய்த் தன் பெட்டியை எடுத்து வந்தாள். "அத்தா, இதைக் கொடுத்துடலாமா? ரோஜா இன்னும் உரியல."

அந்தப் பெண்ணின் தகப்பன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹபீபுல்லா அதை அவன் கையிலிருந்து பிடுங்கினார். வாழ்க்கையில் அவர் ஒரு வாடிக்கையாளரிடம் முரட்டுத்தனம் செய்தது அந்த ஒருமுறைதான். பெட்டியோடு அப்படியே தெருவைத் தாண்டிக் கூடத்துக்குள் போனார்.

அடைக்கலராஜ் காய் அடிக்கக் குனிந்திருந்தார். ஹபீபுல்லா நின்றுகொண்டே சொன்னார்: "மாமா, கூடத்தைப் பகல்ல பள்ளிக்கூடத்துக்கு விடணும்."

சத்தம் நின்றது.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"பொம்பளைப் புள்ளைங்களுக்கு. ஆறாங்கிளாஸ்."

"அப்ப நாங்க?"

ஹபீபுல்லா பெட்டியை மறு கைக்கு மாற்றினார்.

"வாக்குக் கொடுத்தது நீதானே?" ஷேக் தாவூது எழுந்தார். "நாங்க தெருத் தெருவா அலைஞ்சு உள்ளே அனுப்பினோம். கட்டினதே வேற யாருக்கோ. சரி, போர்டு நம்ம பேர்ல இருக்கேன்னு உட்கார்ந்தோம். இப்ப அதுலேருந்தும் எழுந்திருக்கச் சொல்றே. ஏன்? அதைச் சொல்லு. தெருப் புள்ளைங்களுக்காகவா? இல்ல, உன் மகளுக்காகவா?"

இரண்டு வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த கேள்வி. கேட்டே விட்டார்கள். ஹபீபுல்லா கையிலிருந்த நீலப் பெட்டியைப் பார்த்தார்.

"என் மகளுக்காகத்தான் மாமா" என்றார். "அன்னிக்கே கேட்டிருக்கணும். யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு கேக்கல. மத்த புள்ளைங்களும் வரும், நல்லதுதான். ஆனா நான் இப்ப கேக்கறது வஹீதாவுக்காக."

மருதைதான் முதலில் பேசினார். "நம்ம புள்ளையா? பேப்பர் படிக்குமே, அதுக்கா? அப்படிச் சொல்ல வேண்டியதுதானே பாய். ஆறாங்கிளாஸ் கீறாங்கிளாஸ்னு எதுக்குச் சுத்தி வளைக்கறீங்க?"

ஷேக் தாவூது மடியிலிருந்து சாவியை எடுத்தார். ஹபீபுல்லாவின் கையில் கொடுக்காமல் கேரம் போர்டின் நடுவில் வைத்தார். "எங்களை எங்கே போகச் சொல்றேன்னு நீ இன்னும் சொல்லல" என்றார். மூவரும் மரத்தடிக்குப் போனார்கள்.

இது கதையாக இருந்தால் மறுநாளே பள்ளி திறந்திருக்கும். உத்தரவு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக ஜூலை ஆயிற்று. ஜூலையில் ஒருநாள் ஹபீபுல்லா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே இருந்தார்கள். அடுப்பில் உளுந்தங்களி கிளறும் வாசனை. வஹீதா உள்ளறையில் இருந்தாள்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு ரஷீதா, "கூடம் வஹீதாவுக்காகத்தான்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களாமே. என்ன செய்யறது, அல்லாஹ் நாடினது இவ்வளவுதான். தெருவுல பொண்ணை அனுப்பறதுக்கு நாளைக்கு நான் எல்லாருக்கும் பதில் சொல்லணும்" என்றாள். அவள் குரலும் நன்றாக இல்லை.

ஆகஸ்டில் ஆறாம் வகுப்பு திறந்தது. கையளவு பெண்பிள்ளைகள். எல்லோரும் வஹீதாவை விடச் சின்னவர்கள். ஹபீபுல்லா கடையில் உட்கார்ந்தபடி அவர்கள் படியேறுவதைப் பார்த்தார். எதிரே மரத்தடியில் மூன்று பேர். யாருக்காக யாரை எழுப்பினாரோ, அவளும் உள்ளே இல்லை, இவர்களும் உள்ளே இல்லை. ஷேக் தாவூது அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

சாயங்கால வகுப்புக்கு வேறொரு தொல்லை வந்தது. தோல் மண்டி ஆட்கள் ஓவர்டைம் பார்க்கப் போய்விட, ஆள் குறைந்தால் வகுப்பையே எடுத்துவிடுவோம் என்று மேலிருந்து சொன்னார்கள். அன்று சாயங்காலம் மூன்று கிழவர்களும் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். வாத்தியார் பெயர் வாசித்தபோது, முப்பது வருஷம் ஊர்த் தபாலையெல்லாம் பிரித்துப் போட்ட அடைக்கலராஜ் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றார். சிலேட்டில் 'அ' போடச் சொன்னபோது போட்டார். அவருடைய 'அ'வின் சுழி சரியில்லை என்று மருதை சொன்னார். சாயங்காலம் முழுக்கக் கூரையும் விளக்கும் கிடைத்தன. மருதை மட்டும் நிஜமாகவே படித்தார்.

பெண்பிள்ளைகள் அந்த போர்டுக்குக் கீழே உட்காருவதைத் தெருப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பள்ளி விடும்போது, "கிழவிங்க ஸ்கூல், கிழவிங்க ஸ்கூல்" என்று கத்தினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே போய், அப்புறம் வராமலே நின்றுவிட்டாள். லூர்துராணி கமிஷனரிடம் போனாள். முதியோர் என்ற வார்த்தையால் வந்த வம்புகள் போதும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அதே அர்த்தத்தில் இன்னொரு வார்த்தையும் வழக்கில் இருந்தது. பெயிண்டர் வந்து பலகையை நீலத்தில் அழித்துப் புதிதாக எழுதினான்: வயது வந்தோர் கல்விக் கூடம்.

இரண்டு நாள் கழித்து ரஷீதா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நத்தர் வலி தர்காவுக்குப் போய்விட்டு அந்த வழியாகத் திரும்பினாள். எதிர்ச் சுவரோரம் ஒதுங்கி நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து பிள்ளைகள் ஒன்றாகப் பாடம் சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சோறு போடும்போது கேட்டாள்: "ஏங்க, அந்தக் கூடம் வயசுக்கு வந்த புள்ளைங்களுக்குன்னே கட்டினதாமே?"

ஹபீபுல்லாவின் கை தட்டிலேயே நின்றது.

"போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு. நானே படிச்சேன். வயது வந்தோர்னு கொட்டை எழுத்துல இருக்கு. சர்க்காரே வயசுக்கு வந்ததுங்களுக்குன்னு தனியா இடம் கட்டிவிட்டிருக்கு, நீங்க ஒரு வார்த்தை சொல்லல. நாளைக்கு யாராவது கேட்டா போர்டைக் காட்டிட்டுப் போறேன்."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் குழம்புக் கரண்டியோடு காத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு வார்த்தையைக் கேட்காமல் விட்டதால் எவ்வளவு ஆயிற்று என்று அவருக்குத் தெரியும். அடல்ட்டு, தோல் மண்டி ஆட்கள், ஓட்டுப் போடுகிற வயது என்று விளக்கிச் சொல்ல அடைக்கலராஜிடமிருந்து கற்றுக்கொண்டதெல்லாம் நாக்கில் வந்து நின்றது.

"ஆமாம்" என்றார். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

அவள் நிஜமாகவே அப்படிப் படித்தாளா, அல்லது அவளுக்கும் ஒரு கதவு வேண்டியிருந்ததா என்று அவர் பின்னால் பல தடவை யோசித்திருக்கிறார். பிள்ளை படித்து, கல்யாணமாகி, திண்டுக்கல்லுக்குப் போன பிறகுகூட ரஷீதாவிடம் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை வஹீதா வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு வந்தாள். அது தரையில் புரண்டது. அதற்குள்ளிருந்து நீலப் பெட்டி மட்டும் வெளியே தெரிந்தது. தகப்பன் முன்னால் நடக்க, அவள் இரண்டடி பின்னால் நடந்தாள். தெருவில் எழுத்துகள் எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருந்தன. அவள் ஒன்றையும் சத்தமாகப் படிக்கவில்லை.

மரத்தடியில் மூவரும் அவர்கள் வருவதைப் பார்த்துவிட்டார்கள். ஷேக் தாவூது பெஞ்சில் அப்படியே திரும்பி மரத்தைப் பார்த்து உட்கார்ந்தார். அடைக்கலராஜ் பேப்பரை உயர்த்தினார். மருதைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பக்கத்தில் கிடந்த எலெக்‌ஷன் குடையை எடுத்து விரித்து, மூன்று முகமும் மறையும்படி தெருப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். குடைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "சாயங்காலம் என் சிலேட்டைப் பார்க்கணும் புள்ள. 'ழ' வரமாட்டேங்குது."

துப்பட்டிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கூடத்தின் படியில் ஏறுமுன் வஹீதா நின்று அண்ணாந்து பார்த்தாள். பழக்கம் விடவில்லை. மெல்லிய குரலில் பலகையைப் படித்தாள்.

"அத்தா, வயது வந்தோர்னா யாரு?"

"நீதான்" என்றார் ஹபீபுல்லா. "உள்ளே போம்மா."